நியூ தனம் பாத்திரக்கடை

போன் வந்தபோது ஒரு காதுகுத்து பேனருக்குப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காதுகுத்து பேனரில் தாய்மாமன் பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது. மற்ற யார் பெயர் விட்டுப்போனாலும் சமாளித்துவிடலாம். அரியலூரிலிருந்து கலியமூர்த்தி பேசினார்.

"அக்கா, கொஞ்சம் கெளம்பி வாங்க. அண்ணன் கடைக்குள்ள வரமாட்டேங்குது. ரோட்டுலயே நின்னு போர்டப் பாத்துக்கிட்டு இருக்குது."

"ஏன் தம்பி, எழுத்து எதுவும் தப்பா?"

"எழுத்துல தப்பில்லக்கா. நியூ போட்டிருக்குல்ல, அதான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அலுப்பாகவும் இருந்தது. இப்படி ஒன்று வரும் என்று தெரிந்தே ஒரு வேலையைச் செய்துகொடுத்துவிட்டு, அது வந்து நிற்கும்போது ஏற்படுகிற அலுப்பு அது.

கலியமூர்த்தியும் அவர் அண்ணன் மாணிக்கமும் அரியலூர் கடைத்தெருவில் தனம் பாத்திரக்கடை நடத்துகிறவர்கள். தனம் அவர்களுடைய அம்மா. அண்ணனுக்கு முழங்காலில் ஆபரேஷன். திருச்சியில் மகள் வீட்டில் சில மாதங்கள் படுத்திருந்தார். அதற்குள் தம்பி கடையை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார். அன்றைக்குத் திறப்பு விழா. ராகு காலத்துக்கு முன் குத்துவிளக்கு ஏற்றியாக வேண்டும். ஏற்ற வேண்டிய அண்ணன் ரோட்டில் நிற்கிறார்.

வெளியூர்க்காரர்கள் நியூ என்றால் புதிது என்றுதான் நினைப்பார்கள். எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் அதற்கு வேறு அர்த்தம். அண்ணன் தம்பிகள் ஒன்றாக நடத்திய கடை பிரியும்போது ஒருவர் பழைய பெயரை வைத்துக்கொள்வார். இன்னொருவர் நாலு கடை தள்ளி அதே பெயருக்கு முன்னால் நியூ போட்டுத் திறப்பார். ஆக, போர்டில் நியூ வந்தால் பங்கு பிரிந்துவிட்டது என்று பொருள். இதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். மாணிக்கம் அண்ணன் போர்டைப் பார்த்துவிட்டு, தான் படுத்துக் கிடந்த சமயத்தில் தம்பி தன்னைக் கழற்றிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்.

போர்டு மாட்டுகிற சேகரைக் கூப்பிட்டுக்கொண்டு வேனில் ஏறினேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்ச் சேர்வதற்குள் இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

1. மார்டன்

நான் குரும்பலூர். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, பெரம்பலூரில் காதர் பாய் கடையில் டி.டி.பி. ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பிறகு பிளெக்ஸ், இப்போது எல்.இ.டி. எழுத்து என்று கடை மாறிக்கொண்டே வந்தது. என் நாற்காலி மட்டும் மாறவில்லை.

முதல் நாளே ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒரு ரைஸ் மில்காரர் வந்திருந்தார். அவர் எழுதிக் கொண்டுவந்த மேட்டரில், நாங்கள் போர்டு வாசகத்தை அப்படித்தான் சொல்வோம், 'மார்டன் ரைஸ் மில்' என்று இருந்தது. நான் புத்திசாலித்தனமாக 'மாடர்ன்' என்று திருத்தி டைப் செய்தேன். அவர் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இது என் மில்லு இல்லயேம்மா."

"இல்லீங்க, இங்கிலீஷ்ல மாடர்ன்னுதான் சொல்லணும். ட-வுக்கு அப்பறந்தான் ர் வரும்."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து மார்டன்தான். மூட்டையிலயும் அதான் அடிச்சிருக்கு. நீங்க மாத்திட்டா, யாரோ வேற ஆளு மில்லுன்னு நெனச்சிருவாங்க."

நான் பாயைப் பார்த்தேன். அவர் கணக்குப் பார்த்தபடியே தலை நிமிராமல் சொன்னார்.

"அவரு மில்லு, அவரு மார்டன். ஒனக்கு என்னம்மா?"

தாத்தா காலத்திலிருந்து மாடர்னாக இருக்கிற மில் என்பதே எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊர் முழுவதும் அப்படித்தான். பெரம்பலூர்ப் புது பஸ் ஸ்டாண்டு பழசாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்னும் அதற்குப் பெயர் புது பஸ் ஸ்டாண்டுதான். கண்டக்டர் 'புது பஸ் ஸ்டாண்டெல்லாம் எறங்கு' என்கிறார். யாரும் சிரிப்பதில்லை.

மாடர்ன் அலுத்ததும் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி, கம்ப்யூட்டர் கண் பரிசோதனை. அப்புறம் ஹைடெக். சலூன்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஹைடெக் ஆனார்கள். அப்புறம் டிஜிட்டல், அப்புறம் ஸ்மார்ட். சமீபத்தில் ஒரு மாவு மில்காரர் வந்து போர்டில் ஏஐ போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "இப்ப எல்லாரும் அதத்தானக்கா பேசறாங்க" என்றார். போட்டுக்கொடுத்தேன். கேள்வி கேட்கிற தெம்பெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். பிளெக்ஸில் சிவப்புதான் முதலில் வெளுக்கும். புதுசைச் சொல்கிற வார்த்தையை எல்லாரும் சிவப்பில்தான் கேட்பார்கள்.

2. லேட்டஸ்ட்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செட்டிகுளத்தில் ஒரு டெய்லர். அவர் அப்பா தொடங்கிய கடை, அப்பா காலமாகிவிட்டார். போர்டின் ஓரத்தில் அப்பா படத்தைப் போட்டு, பக்கத்தில் 'லேட்டஸ்ட் டிசைன்களில் தைத்துத் தரப்படும்' என்று கேட்டார். கடை வாசல் குறுகல், போர்டும் குறுகல். எழுத்தை மடக்க வேண்டியதாயிற்று. மேல் வரியில் 'லேட்', கீழ் வரியில் 'டஸ்ட்'.

மறுநாள் அவர் அம்மா மகனோடு வந்துவிட்டார்.

"எம் புருசன் செத்துட்டாருன்னு கடைத்தெருவுல எழுதி வெக்கணுமாம்மா? பத்திரிகையில போடறீங்க, சரி. கடையிலயுமா?"

நான் லேட்டஸ்ட் என்றால் புதிது என்று விளக்கினேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"லேட்டுன்னா செத்துப்போனவரு. லேட்டா வந்தான்னா தாமதமா வந்தான். அதுல எப்படிம்மா புதுசு வந்துச்சு?"

'புதிய டிசைன்' என்று மாற்றிக்கொடுத்தோம். போர்டில் இடமும் மிச்சமாயிற்று.

இதையெல்லாம் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. வார்த்தை டிக்‌ஷனரியில் ஒன்றாக இருக்கும், தெருவில் வேறாக இருக்கும். போர்டு தெருவில்தான் தொங்குகிறது.

3. நியூ

அரியலூரிலும் போர்டுக் கடைகள் இருக்கின்றன. அங்கே ஆர்டர் கொடுத்தால் அண்ணன் காதுக்குப் போய்விடும் என்று கலியமூர்த்தி பெரம்பலூர் வரை எங்களைத் தேடி வந்தார். போனில் கடையின் படங்களைக் காட்டினார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி, வாசலில் கறுப்பு கிரானைட் படி. மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"அண்ணனுக்கு சர்ப்ரைஸ்க்கா. இடிச்சதப் பத்தி அண்ணன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கடைத்தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். வந்து பாத்து அசந்துரணும்."

"புதுப்பொலிவுடன்னு மேல ஒரு வரி போட்டுரலாம் தம்பி."

"அக்கா, அது வெள்ளையடிச்ச கடைக்குப் போடறது. நான் இடிச்சில்ல கட்டியிருக்கேன். இங்கிலீஷ்ல நச்சுன்னு ஒண்ணு வேணும். நியூ போடுங்க. நியூ தனம் பாத்திரக்கடை. சொல்லிப் பாருங்க, எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நியூன்னா ஊர்ல வேற மாதிரி நெனப்பாங்க தம்பி."

அவர் சிரித்தார்.

"எங்களையா? நானும் எங்கண்ணனும் இன்னிக்கி வரைக்கும் ஒரே சோத்துப் பானை. அரியலூர்ல யார வேணா கேட்டுப் பாருங்க. எங்களப் பாத்து எவன் அப்படி நெனப்பான்?"

அந்தச் சிரிப்பில் எனக்கும் நம்பிக்கை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் இன்னொரு முகம் கண்ணில் படாது. பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"சொல்லிட்டீல்ல? அப்பறம் போட்டுக் குடு."

புரூஃப் அனுப்பினேன். ஓகே என்று வந்தது. எல்.இ.டி. எழுத்து தயாராகி, சேகர் போய் மாட்டிவிட்டு வந்தார்.

4. ரோட்டில் நின்றவர்

நாங்கள் போனபோது கடைத்தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்குள் ஹோமப் புகை. சொந்தக்காரர்கள் பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மாணிக்கம் அண்ணன் எதிர்க்கடை நிழலில் கைத்தடியை ஊன்றி நின்றார். வெள்ளை வேட்டியில் சிமென்ட் லாரி கிளப்பிய தூசி படிந்திருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள், அவர் உட்காரவில்லை. கலியமூர்த்தி இரண்டு அடி தள்ளி நின்றார்.

"வாம்மா. நீதான் இந்த நியூ எழுதுனதா?"

"ஆமாண்ணே. தம்பி கேட்டாரு."

"நல்லாத்தான் இருக்கு. பளபளன்னு இருக்கு. எனக்குத்தான் அதுல எடமில்ல."

"அண்ணே, சத்தியமா புதுசுங்கற அர்த்தத்துலதான் போட்டேன்" என்றார் தம்பி. அன்று காலையிலிருந்து அதை எத்தனையோ முறை சொல்லியிருப்பார் போலிருந்தது. குரல் கம்மிவிட்டது.

"எனக்கும் இங்கிலீஷ் தெரியும்டா. நியூன்னா புதுசு. கடைத்தெருவுல என்னன்னு ஒனக்குத் தெரியாதா? நீ எங்க வளந்த, லண்டன்லயா? நேத்துலேர்ந்து போனுக்கு மேல போனு. பங்கு பிரிச்சாச்சாமே மாணிக்கம், சொல்லவே இல்லயேங்கறான். நீ எப்ப கடை போடப்போறேன்னு கேக்கறான் ஒருத்தன். நான் என்ன பதில் சொல்றது?"

நான் சேகருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் ஏணியைச் சாத்தி, ஸ்க்ரூ டிரைவரோடு ஏறப் போனார். மாணிக்கம் அண்ணன் தடியைத் தூக்கித் தடுத்தார்.

"ஏம்ப்பா, எறங்கு. இப்ப கழட்டுனா, அண்ணங்காரன் சண்ட போட்டுக் கழட்ட வெச்சான்னு பேசுவானுவ. மாட்டுனா ஒரு பேச்சு, கழட்டுனா ரெண்டு பேச்சு. ஊர் வாய மூட ஒலமூடி ஏது? நம்ம கடையில எல்லாப் பானைக்கும் மூடி இருக்கு, அதுக்குத்தான் இல்ல."

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கழற்றக் கூடாது என்றால் மாற்றலாம். இப்போதைக்கு அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பிறகு வேறு எழுத்து செய்து மாட்டுகிறேன் என்றேன். என்ன வார்த்தை என்று பேச்சு வந்தது. மாடர்ன் என்றேன். "ரைஸ் மில்லாட்டம் இருக்கு" என்றார் அண்ணன். ஸ்மார்ட் என்றார் சேகர். "ரேஷன் கடைன்னு நெனச்சுப் பையோட வந்துருவாங்க." ஹைடெக் என்று யாரோ கூட்டத்திலிருந்து சொன்னார். அதற்கு அவர் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். ஏசி என்று மெதுவாகச் சொன்னார் தம்பி, அந்த இடத்தில் இரண்டு எழுத்துத்தான் பிடிக்கும் என்பதால்.

"பாத்திரத்துக்கு எதுக்குடா ஏசி? வேர்க்குதா அதுக்கு?"

நான் இத்தனை வருடங்களாக விற்ற வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து அந்த ரோட்டில் விழுந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட உதவவில்லை. எனக்குக் கால் வலித்தது. ஐயர் வாசலுக்கு வந்து வாட்சைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பிறகு மாணிக்கம் அண்ணன்தான் பேசினார். இந்த முறை கூட்டத்தைப் பார்க்கவில்லை, தம்பியை மட்டும் பார்த்துப் பேசினார்.

"வார்த்தைய விடு. தெனம் சாயங்காலம் நான் போன் போட்டு வியாபாரம் எப்படிடான்னு கேட்டேன். நல்லா போகுதுண்ணேன்னு சொன்ன. கடைய இடிச்சுப் போட்டுட்டு, அந்த மண்ணு மேல நின்னுக்கிட்டுச் சொல்லியிருக்க."

"ஒனக்குக் காட்டணும்னுதாண்ணே..."

"கால்லதான்டா ஆபரேஷன். காது நல்லாத்தான இருந்துச்சு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கலியமூர்த்திக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். அதுவரை நியூவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், கடைத்தெரு முழுக்கத் தெரிந்த முகம், ரோட்டில் நின்று அழுதார்.

"தப்புதாண்ணே. கேட்டிருக்கணும்."

நான் போர்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மாணிக்கம் அண்ணன் பெருமூச்சு விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஸ்டிக்கர் எழுத்து இப்பவே ஒட்ட முடியுமா?"

"பக்கத்துத் தெருவுல வெட்டி வாங்கிரலாம்ணே. எந்த வார்த்தைய மறைக்கணும்?"

"ஒண்ணையும் மறைக்க வேணாம். நியூ இருந்துட்டுப் போகட்டும், அவன் ஆசப்பட்டுப் போட்டது. அதுக்குக் கீழ ஒரு வரி எழுது. எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை."

இந்த வரியை நான் எத்தனை போர்டில் டைப் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஸ்வீட் கடை, பஞ்சர் கடை, மூல வைத்தியசாலை, எல்லாவற்றுக்கும் அடியில் போடுவது. போலிக் கடைக்காரன் பிழைத்துவிடக் கூடாதே என்று போடுவது. கை தானாகவே அடித்துவிடும், மனம் அதில் இருக்காது. அன்றைக்குத்தான் அதை ஒரு மனிதர் வாயால் சொல்லிக் கேட்டேன்.

"நான் வேற கடை போடப்போறதில்லன்னு எல்லாரும் படிச்சுக்கட்டும்" என்றார், போன் போட்டுக் கேட்டவர்கள் நின்ற திசையைப் பார்த்து.

"எழுத்து என்ன சைஸ்ல வேணும்ணே?"

"நியூவ விடப் பெருசா."

பக்கத்துத் தெரு ஸ்டிக்கர் கடைக்காரர் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வெட்டிக்கொடுத்தார். சேகர் போர்டுக்குக் கீழே கண்ணாடியில் ஒட்டினார். அழகு என்று பார்த்தால் அழகே இல்லை. பெயரைவிட அடிக்குறிப்பு பெரிதாக ஒரு போர்டை நான் அதுவரை செய்ததில்லை. ஐயர் மறுபடி எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று கையைக் காட்டினார்.

மாணிக்கம் அண்ணன் ரோட்டைக் கடந்தார். தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கறுப்பு கிரானைட் படி, ஒவ்வொன்றும் நல்ல உயரம். பிடித்து ஏறக் கம்பியும் இல்லை. ஆபரேஷன் செய்த காலால் ஏற முடியாது.

அண்ணன் படியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"இதையும் கேட்டிருக்கலாம்" என்றார்.

கலியமூர்த்தி ரோட்டைக் கடந்து போய் அந்த நாற்காலியை எடுத்துவந்தார். ஒரு பக்கம் அவரும் மறு பக்கம் சேகருமாக அண்ணனை நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டு நான் வேனுக்குத் திரும்பினேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

5. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

இப்போது எனக்குக் கண் சரியில்லை. பெரிய ஆர்டர்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் மேட்டர் வாங்குவது, புரூஃப் பார்ப்பது அவ்வளவுதான். எழுத்துப் பிழையைத் திருத்துவது எப்படி, எந்த ஃபான்ட் தூரத்தில் தெரியும், எந்தக் கலர் வெயிலுக்குத் தாங்கும் என்பதையெல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். புதுசைச் சொல்ல என்ன இங்கிலீஷ் வார்த்தை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது வருஷத்துக்கு ஒன்று வரும், போகும்.

யாராவது நியூ என்று போடச் சொன்னால் நான் இப்போது அர்த்தம் சொல்வதில்லை, எச்சரிப்பதும் இல்லை. ஒன்றுதான் கேட்பேன்.

"வூட்டுல எல்லார்கிட்டயும் கேட்டுட்டீங்களா?"

பெரும்பாலானவர்கள் இது என்ன கேள்வி என்பதுபோல் பார்ப்பார்கள். கேட்டாச்சு, போடுங்க என்பார்கள். போட்டுவிடுவேன். எப்போதாவது ஒருவர் பதில் சொல்லாமல் நிற்பார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் திரும்பி வரும் வரைக்கும் நான் அந்த வேலையில் கை வைப்பதில்லை.